தினமும் என்னைக் கொன்றவர்களுக்கு நன்றி

அன்புள்ள மேடைக் குழுவினருக்கும், நம்மைத் தாங்கிப் பிடித்த மற்ற எல்லோருக்கும்,

மேடையில் ரத்தமும் சாவும் காட்டிப் பாடும் நம் ஷாக் ராக் டூர் முடிந்தது. கடைசி லாரியையும் கிடங்கில் இறக்கியாயிற்று. நிகழ்ச்சிப் படங்கள் இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. எதைத் திறந்தாலும் என் மூஞ்சிதான். வெள்ளைச் சாயம், கரி பூசிய கண், கடைவாயில் ஒழுகும் ரத்தம். அந்தப் படங்களில் உங்களில் ஒருவர்கூட இல்லை. இருந்தாலும் கறுப்பு டீசர்ட்டில் பாதி முதுகு, ஒரு முழங்கை, அவ்வளவுதான். பெயர் போட்டு எழுதலாம் என்று கேட்டேன். "வேண்டாம், நான் என்ன வேலை பார்க்கிறேன்னு வீட்ல இன்னும் முழுசா சொல்லல" என்று பாதிப் பேர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டீர்கள். சரி, பெயர் வேண்டாம். செய்த வேலையைச் சொல்கிறேன். யாரைச் சொல்கிறேன் என்று நமக்குள் தெரியும்.

நமக்கு முன்னால் போனவர்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுகிறேன். மேடையில் ரத்தம் காட்டிக் கூட்டம் சேர்ப்பது ராக் இசை கண்டுபிடித்த வித்தை இல்லை. பாரிஸில் கிராண்ட் கின்யோல் என்ற சிறிய நாடக அரங்கம் 1897-லிருந்து 1962 வரை அதையே பிழைப்பாக நடத்தியது. ஸ்க்ரீமின் ஜே ஹாக்கின்ஸ் 1950-களில் சவப்பெட்டிக்குள்ளிருந்து எழுந்து வந்து பாடினார். முதலில் அவர் மாட்டேன் என்றாராம். வானொலி அறிவிப்பாளர் ஆலன் ஃப்ரீட் 300 டாலரை நீட்டிய பிறகுதான் பெட்டிக்குள் படுத்தார் என்று சொல்வார்கள். ஆர்தர் பிரவுன் தலையில் தீ எரியும் கிரீடத்தோடு பாடியவர். 1967-ல் ஒரு விழா மேடையில் எரிபொருள் சிந்தித் தலை பற்றிக்கொண்டபோது, பக்கத்தில் நின்றவர்கள் பீரை ஊற்றி அணைத்தார்கள். பீரை ஊற்றிய அந்த முகம் தெரியாத ஆட்கள்தான் நம் தொழிலின் முதல் தீயணைப்புப் படை. உங்கள் குலசாமி அவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

இனி நம் ஆட்கள்.

தலை வெட்டும் கருவியான கில்லட்டினைச் செய்துகொடுத்த அண்ணனுக்கு முதல் நன்றி. 1973-ல் ராக் பாடகர் ஆலிஸ் கூப்பரின் டூருக்குக் கில்லட்டின் அமைத்துக் கொடுத்தவர் மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி. தலை வெட்டும் வேடத்திலும் அவரே மேடை ஏறினார். கருவியைச் செய்தவனே பக்கத்தில் நிற்க வேண்டும் என்ற அந்த வழக்கத்தை அண்ணனும் விடவில்லை. முகமூடிக்குள் யார் என்று கூட்டத்துக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதனால்தான் கழுத்தை நீட்ட முடிந்தது.

அந்தக் கத்தியில் கூர் கிடையாது, ஆனால் எடை பொய்யில்லை. விழும்போது பலகை அதிர்வது கன்னத்தில் தெரியும். அது கழுத்துக்கு மேலேயே நின்றுவிட இரண்டு தடுப்புகள். ஒன்று பழுதானாலும் மற்றது தனியாக வேலை செய்யும். இவை போக, கத்தி ஏறியிருக்கும் நேரமெல்லாம் குறுக்கே ஒரு இரும்பு முளை. ஸ்டேஜ் மேனேஜர் ஹெட்செட்டில் சொன்ன பிறகுதான் அது உருவப்படும். தினமும் சாயங்காலம் கதவு திறப்பதற்கு முன்னால் அண்ணன் என் கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நுரைப்பஞ்சு உருளையை வைத்து, கத்தியை இரண்டு முறை விழவிட்டுப் பார்ப்பார். உருளையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், எங்காவது பதிந்திருக்கிறதா என்று. பிறகு அதை என் கையில் கொடுப்பார். நானும் பார்க்க வேண்டும். "பார்த்துட்டேன்ணே" என்று வாயால் சொல்ல வேண்டும். தலையாட்டினால் ஒத்துக்கொள்ள மாட்டார். இதெல்லாம் ஓவர் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: கூப்பருக்கே 1988-ல் லண்டனில் தூக்குமரக் காட்சியில் எடையைத் தாங்க வேண்டிய பாதுகாப்புக் கம்பி அறுந்தது. பல வருடம் அறுபடாத கம்பி. சட்டென்று தலையைப் பின்னுக்குச் சாய்த்ததால் பிழைத்தார்.

கூரையிலிருந்து பாரங்களைக் கட்டித் தொங்கவிடும் ரிக்கிங் தம்பிகளே, நீங்கள் கட்டிடத்துக்குள் முதலில் நுழைந்து கடைசியில் வெளியேறியவர்கள். கூரை எவ்வளவு தாங்கும் என்ற கணக்கைக் கேட்டு வாங்கி, நம் ட்ரஸ் (விளக்கு மாட்டும் சட்டம்), விளக்கு, பறக்கும் சவப்பெட்டி எல்லாவற்றின் எடையையும் அதோடு பொருத்திப் பார்த்து, "இன்னிக்கு பொட்டி பறக்காது" என்று முகத்துக்கு நேரே சொன்ன இரவுகளுக்கு நன்றி. அந்த இரவுகளில் பெட்டியை நாலு பேர் தோளில் சுமந்து வந்தார்கள். உண்மையைச் சொன்னால், பறந்ததைவிட அதுதான் பயங்கரமாக இருந்தது. செயின் மோட்டார் தாங்கும்போதே தனியாக ஒரு எஃகுக் கம்பியும் போட்டிருப்பீர்கள். மோட்டார் கைவிட்டாலும் அது பிடித்துக்கொள்ளும். டூர் முழுக்க அதற்கு ஒரு வேலையும் வரவில்லை. வராததற்குத்தான் இந்த நன்றி.

மேடையில் தீயும் வாணமும் விடும் பைரோ அக்காவைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் எழுதுவேன். அக்கா, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கூட்டத்துக்குத் தீ என்றால் கொண்டாட்டம். அக்காவுக்கு அது அளவுகோலும் காகிதமும். அமெரிக்காவில் இதற்கென்றே என்எஃப்பிஏ 1126 என்று ஒரு விதித்தொகுப்பு இருக்கிறது. வாணத்துக்கும் பார்வையாளருக்கும் நடுவே குறைந்தது 15 அடி, அதாவது சுமார் 4.6 மீட்டர், தீப்பொறி அதிக தூரம் சிதறும் என்றால் அதற்கும் மேலே இடைவெளி வேண்டும் என்கிறது. அக்கா டேப் பிடித்து அளந்து, தரையில் வெள்ளைக் கோடு போட்டு, "இந்தக் கோட்டைத் தாண்டினா உனக்கு நெருப்பு கிடையாது" என்பார். 1992-ல் மாண்ட்ரியலில் மெட்டாலிக்கா என்ற ராக் குழுவின் ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் தீப்பிழம்பு எழும் இடத்தில் போய் நின்றுவிட்டார். கை வெந்துபோனது. மீதி டூரில் அவரால் பாட மட்டுமே முடிந்தது. முன்பு அந்தக் குழுவில் கிட்டார் உதவியாளராக இருந்தவர் வந்துதான் அவர் பங்கை வாசித்தார். ஒத்திகையின் முதல் நாளே எங்கள் எல்லோரையும் உட்கார வைத்து அக்கா சொன்ன கதை இது. இரண்டாவதாகச் சொன்னது அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் 2003 பிப்ரவரி 20-ம் தேதி நடந்தது. சிறிய கிளப், தாழ்ந்த கூரை. மேடைக்குப் பின்னால் ஒலியைக் குறைக்க ஒட்டியிருந்த நுரைப்பஞ்சில் வாணப்பொறி பற்றியது. 100 பேர் இறந்தார்கள். அதைச் சொல்லி முடித்ததும் அக்கா வேறு எதுவும் பேசவில்லை. எழுந்து போய் நம் திரைச்சீலைகள் ஒவ்வொன்றிலும் ஒரு ஓரத்துண்டை வெட்டி, வெளியே கொண்டுபோய்க் கொளுத்திப் பார்த்தார். ஒன்று தேறவில்லை. என் சொந்தக் காசில் வாங்கிய சிவப்பு வெல்வெட். போயே போச்சு.

அக்காவின் பலகையில் ஒரு விசை இருக்கிறது. விரல் அழுத்திக்கொண்டே இருந்தால்தான் வெடிக்கும், விரலை எடுத்தால் எல்லாம் நின்றுவிடும். ஒருநாள் உச்சக்கட்டப் பாட்டில் நான் இரண்டு கையையும் தூக்கி நிற்கிறேன், பின்னால் நெருப்பு எழ வேண்டும். எழவில்லை. இருட்டு. இன்னொரு வரி பாடினேன், அப்போதும் இருட்டு. வயிறு எரிந்தது, நெருப்பு மட்டும் எரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, நம் பேஸ் கிட்டார் தம்பி புகையில் வழி தெரியாமல் வலப்பக்க நெருப்புக் குழாயின் மேலேயே நின்று வாசித்துக்கொண்டிருந்திருக்கிறான். அக்காவின் கண்ணுக்கு அவன் தலைமுடி மட்டும் தெரிந்திருக்கிறது. விரலை எடுத்துவிட்டார். ஆயிரக்கணக்கான பேர் காத்திருக்கும்போது, மேனேஜர் காதுக்குள் கத்தும்போது, எதையும் செய்யாமல் இருப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்! அன்று நீங்கள் கொளுத்தாத நெருப்புக்கு நன்றி அக்கா. தம்பியின் அம்மா சார்பிலும் சேர்த்து.

ரத்தம் காய்ச்சியவர்களுக்கு வருகிறேன். சோளப் பாகும் உணவுச் சாயமும்தான் அடிப்படை என்று எல்லோருக்கும் தெரியும். வெறும் சிவப்பு மேடை வெளிச்சத்தில் பழரசம் போலத் தெரியும் என்பதும், ஒரு சொட்டு நீலம் விட்டால்தான் அது உடம்பிலிருந்து வந்ததாகத் தெரியும் என்பதும் உங்களைப் பார்த்துத்தான் கற்றேன். வாய்க்குள் வைக்கிற ரத்தம் வேறு, சட்டையில் அடிக்கிற ரத்தம் வேறு. சட்டைக்கானதில் சோப்பு கலந்திருக்கும், துவைத்தால் போக வேண்டுமே. இரண்டும் ஒரே மாதிரிப் புட்டி. ஒன்றில் மஞ்சள் டேப் ஒட்டி "குடிக்கலாம்" என்றும், மற்றதில் கறுப்பு டேப் ஒட்டி "குடிச்சா செத்த" என்றும் எழுதிவைத்த கை யாருடையது என்று தெரியவில்லை. அந்தக் கைக்கு முத்தம். ஒவ்வொரு இடத்திலும் பாட்டு முடிந்து இருள் விழுந்த அந்தச் சில நொடிகளில் துடைப்பத்தோடு ஓடிவந்து பிசுக்கைத் துடைத்தீர்களே, அதனால்தான் இத்தனை ஆட்டத்திலும் ஒருவர்கூட வழுக்கி விழவில்லை. உடைப் பிரிவினரே, கைகளைக் கட்டிப்போடும் அந்தப் பைத்தியக்காரச் சட்டையில் வார்களுக்கு அடியில் வெல்க்ரோ ஒளித்துத் தைத்தீர்கள். நான் நெளிந்து திமிறி விடுபடுவதைப் பார்த்து ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு இழு, அவ்வளவுதான். வெல்க்ரோ கிழிகிற சத்தம் கேட்டுவிடக் கூடாதே என்று அதே நொடியில் சிம்பலை ஓங்கி அடித்த டிரம்ஸ்காரனுக்கும் நன்றி.

லைட்டிங் ஆட்கள் சிவப்பு விளக்குக்கு எதிராக நடத்திய போரை வெளியே யாரும் அறிய மாட்டார்கள். பயங்கரம் என்றால் சிவப்பு என்று நான் அடம்பிடித்தேன். சிவப்பு வெளிச்சத்தில் சிவப்பு ரத்தம் கண்ணுக்கே தெரியாது என்று அவர்கள் காட்டினார்கள். தலை விழும் நொடியில் சுத்தமான வெள்ளை, அதற்கு முன்னும் பின்னும் என் இஷ்டம் என்று சமரசம் ஆனது. இப்போது படங்களில் எல்லோரும் பகிர்வது அந்த வெள்ளை நொடியைத்தான்.

ஒலிப் பிரிவுத் தம்பிக்கு ஒரு தனி வணக்கம். வியர்வையும் ரத்தமும் இறங்கி வயர்லெஸ் பெட்டி செத்துப்போகாமல் இருக்க ஆணுறைக்குள் போட்டு இடுப்பில் கட்டுவது மேடைத் தொழிலில் பழைய பழக்கம். போகிற இடமெல்லாம் மருந்துக்கடையில் டஜன் கணக்கில் வாங்கி, "கம்பெனி பேருக்கு பில் போடுங்க" என்று முகம் மாறாமல் கேட்டவர் அவர். இதைவிடப் பெரிய ஷாக் ராக் நம் மேடையில் நடக்கவில்லை.

பாரம் ஏற்றி இறக்கியவர்களே, ஓட்டுநர்களே, ராத்திரி ஒரு மணிக்குச் சூடாகச் சோறு போட்டவர்களே, உங்களை இரண்டு வரியில் முடிப்பது அநியாயம். கடைசியில் வேண்டியது முதலில் ஏறும், முதலில் வேண்டியது கடைசியில் ஏறும் என்ற உங்கள் கணக்கு ஒரு பெட்டி பிசகியிருந்தால் எங்குமே நேரத்துக்குத் திரை தூக்கியிருக்க முடியாது. புகை போடும்போது அலாரம் அலறாமல் இருக்க, உணரிகளை நிறுத்திவைத்த பகுதியில் ஆட்டம் முடியும்வரை கண்ணை எடுக்காமல் காவல் நின்ற தீயணைப்பு வீரர்களுக்கும், சும்மா உட்கார்ந்திருந்து சும்மாவே திரும்பிப் போன ஆம்புலன்ஸ் குழுவினருக்கும் மனமார்ந்த நன்றி.

வாசலில் எதிர்ப்புப் பதாகை பிடித்து நின்றவர்களையும் விட மாட்டேன். 1972-ல் இங்கிலாந்தில் மேரி வைட்ஹவுஸ் என்ற அம்மையார் ஆலிஸ் கூப்பரின் பாட்டை பிபிசி ஒலிபரப்பக் கூடாது என்று போராடினார். கூப்பர் அவருக்குப் பூங்கொத்து அனுப்பிவைத்தார். என்னிடம் அவ்வளவு காசில்லை, ஆகவே இந்தப் பத்தியை வைத்துக்கொள்ளுங்கள். உங்களில் ஒரு பெரியவர் நிகழ்ச்சி முடிந்ததும் என்னிடம் வந்து, "உள்ளே குழந்தைகளை விட்டீர்களா?" என்று கேட்டார். வயது வரம்பு போட்டிருக்கிறோம், கதவிலேயே பார்த்துத்தான் அனுப்புகிறோம் என்று காட்டினேன். அப்படியும் அவருக்குத் திருப்தியில்லை. ஆனால் மழையில் நின்று கேட்டார். எனக்கு அந்த ஆளைப் பிடித்திருந்தது.

முன்வரிசை ஜனங்களே! வெள்ளைச் சட்டை போட்டு வந்து, நனைந்து, கறையோடு படம் எடுத்து அனுப்பினீர்கள். வித்தை எப்படி நடக்கிறது என்று பக்கவாட்டிலிருந்து பார்த்துவிட்ட சிலர்கூட அதை வெளியே சொல்லவில்லை. இந்த மடலில் நானே பாதியைச் சொல்லிவிட்டேன், அடுத்த டூரில் வேறு மாதிரி சாவேன், கவலைப்படாதீர்கள். காது அடைப்பான் இலவசமாகக் கொடுத்தோம், அடுத்த முறை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

நிலுவையில் இருக்கும் ஓவர்டைம் எல்லாம் இந்த மாதக் கடைசிக்குள் வந்துவிடும், மேனேஜரிடம் எழுதி வாங்கியிருக்கிறேன். இன்னொரு விஷயம். சிற்பிப் பெண் என் முகத்தில் அச்செடுத்து, மூக்கில் மட்டும் காற்று விட்டு, முடியை ஒவ்வொன்றாக ஊசியால் நட்டுச் செய்த வெட்டுண்ட தலைகள் இரண்டு. கிடங்குக்கு வந்து சேர்ந்தது ஒன்றுதான். எடுத்துப்போனவர் யார் என்று நான் விசாரிக்கப் போவதில்லை, நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் வைத்தால் சிலிகானில் நிறம் மங்கும், சீப்பால் வாரினால் முடி பிடுங்கிக்கொண்டு வரும். ஃபிரிட்ஜில் மட்டும் வைக்காதீர்கள், வீட்டில் யாராவது ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்திருப்பார்கள்.

இப்படிக்கு,
உங்களால் இன்னும் உயிரோடு இருக்கும் பாடகன்