ஆள் உட்காருமுன் இலையில் பரிமாறலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஆவணியில் மட்டும் ஐந்து கல்யாண வீடுகளுக்குப் போய்வந்தேன். ஐந்திலும் தலைவாழை இலைதான் போட்டார்கள்; ஐந்திலும் இலைக்கு முன்னால் ஆள் வந்து உட்காருவதற்குள் இனிப்பில் மூன்று வகை, பொரியல், கூட்டு, அவியல், பச்சடி, வடை, அப்பளம் என்று சகலமும் பரிமாறி முடிந்திருந்தது. அண்மைக் காலத்தில் நம் விருந்துகளில் நுழைந்து, இப்போது அதுவே வழக்கம் என்று ஆகிவிட்ட இந்த ஏற்பாட்டைப் பற்றிச் சில வார்த்தைகள் எழுத இடம் தர வேண்டுகிறேன்.

கடைசியாகப் போன கல்யாணத்தில் எனக்கு வாய்த்த இலையைச் சொல்கிறேன். கதவு திறந்து நாங்கள் உள்ளே விடப்படுவதற்கு இருபது நிமிடம் முன்பே அது நிரம்பிவிட்டிருக்க வேண்டும். ஜாங்கிரியின் பாகு வழிந்து உருளைக்கிழங்குப் பொரியலின் அடியில் போய்த் தேங்கியிருந்தது. பச்சடியின் ஈரத்தில் அப்பளம் நமத்துத் துணிபோல் மடங்கிக் கிடந்தது. மின்விசிறிக் காற்றில் அவியலின் மேல்பக்கம் காய்ந்து வெளுத்திருந்தது. பக்கத்து இலையில் அமர்ந்தவர் சர்க்கரை நோயாளி. மூன்று இனிப்பையும் விரலால் இலையின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டுத்தான் அவர் சோற்றில் கை வைத்தார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு ஒரு வாய்ப்பே தரப்படவில்லை. எனக்குப் பின்னால் அடுத்த பந்திக்கு இடம் பிடிக்க ஒரு தாய் என் நாற்காலியின் முதுகைப் பற்றியபடி நின்றிருந்தார். அவர் இடுப்பில் இருந்த குழந்தை என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தது. மோர் வரும்வரை உட்கார்ந்திருக்க மனம் ஒப்பாமல் எழுந்துவிட்டேன்.

பரிமாறுவதில் நம்மவர்கள் வகுத்து வைத்திருந்த வரிசை சடங்குக்காக மட்டும் ஏற்பட்டதன்று. நுனி இடப்பக்கம் வரும்படி இலையைப் போடுவது, அகலமான வலப்பாதி சோறு பிசைகிற கைக்கு வாகாக இருப்பதற்காக. உண்பவரே தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்த பிறகு, மேல்பாதியின் இடது ஓரத்தில் உப்பும் ஊறுகாயும், அவற்றையடுத்துக் கறி வகைகளும், நடு நரம்புக்குக் கீழே சோறும் விழும். அன்னவெட்டியால் சோற்றை வைத்து, பருப்பும் நெய்யும் விட்டு, அதன் பின் சாம்பார், ரசம், மோர் என்று ஒவ்வொன்றாக வரும்போது, ஒவ்வொன்றிலும் எவ்வளவு வேண்டும் என்று சொல்லும் உரிமை உண்பவரிடமே இருந்தது. இலைக்கு மேல் கையைக் குறுக்கே நீட்டினால் போதும், கரண்டி நின்றுவிடும். வரிசை ஊருக்கு ஊர் மாறும். நாஞ்சில் நாட்டில் பாயசம் நடுவிலேயே வந்து, பப்படமும் பழமும் சேர்த்துப் பிசைந்து உண்ட பிறகுதான் ரசமும் மோரும் தலைகாட்டும். காயல்பட்டினத்துக் களரிச் சாப்பாட்டில் இலையே இல்லை; சகன் என்னும் பெரிய தட்டு ஒன்றைச் சுற்றிச் சிலர் சேர்ந்து அமர்ந்து உண்பார்கள். இத்தனை வேறுபாட்டிலும் முதலில் ஆள் அமர்வது, பிறகு உணவு வருவது என்பதில் மாற்றம் இருந்ததில்லை.

‘பந்தி விசாரிப்பு’ என்று ஒரு சொல் எங்கள் பக்கத்தில் உண்டு. வீட்டுக்காரரோ அவருக்கு வேண்டிய பெரியவர் ஒருவரோ வரிசை நெடுகிலும் நடந்து, யாருக்கு எது வரவில்லை என்று கேட்டு வரவழைக்கும் பொறுப்புக்கு அந்தப் பெயர். என் பதினைந்தாவது வயதில் உறவினர் கல்யாணத்தில் ரசவாளி தூக்கியபோது, விசாரிப்புக்கு நின்ற என் பெரியப்பா தோளில் துண்டோடு என் பின்னாலேயே வந்தார். “எலே, கேட்டவங்களுக்கு ஊத்துறது பெரிசில்ல. கேக்கக் கூச்சப்பட்டுக்கிட்டு இருக்காரு பாரு மூணாவது எலையில, அவரைப் பாத்து ஊத்து” என்றார். அந்தப் பந்தி முடிவதற்குள் எவர் இலையில் சோறு குறைகிறது, எவர் கை மெதுவாகிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டேன். இன்று கல்யாண வீட்டார் மேடையில் புகைப்படத்துக்கு நிற்கிறார்கள். பந்தியில் விசாரிக்க ஆளில்லை. கேட்டரிங் மேற்பார்வையாளர் இருக்கிறார், ஆனால் அவருக்குச் சாப்பிடுகிறவர் யாரென்று தெரியாது.

மாற்றத்துக்குக் காரணம் ஒன்றும் மர்மமானதன்று. முன்பு சமையல் அரிசி மூட்டைக் கணக்கில் நடந்தது, இப்போது இலைக் கணக்கில் நடக்கிறது. இலைக்கு இன்ன தொகை, இலையில் இத்தனை ‘ஐட்டம்’ என்று ஒப்பந்தம் பேசியபின், அத்தனையும் இலையில் விழுந்தே தீரவேண்டும் என்று கொடுப்பவரும் நினைக்கிறார், வாங்குபவரும் நினைக்கிறார். மண்டபத்தைப் பிற்பகலில் காலி செய்தாக வேண்டும். ஆயிரம் பேருக்கு அழைப்பு, சாப்பாட்டுக் கூடத்தில் இருநூறு நாற்காலி. முன்கூட்டியே பரிமாறி வைத்தால் பந்திக்குப் பத்து நிமிடம் மிச்சம் என்பது கணக்கு. அந்தப் பத்து நிமிடத்துக்கு நாம் கொடுக்கும் விலை குப்பைத் தொட்டியில் தெரிகிறது. பாத்திரத்தில் மிஞ்சிய அவியலை அக்கம்பக்கத்துக்கோ ஆதரவற்றோர் இல்லத்துக்கோ அனுப்பிவிடலாம். இலையில் விழுந்துவிட்டால், அதை எவரும் தொடாமலே இருந்தாலும், அது எச்சில்தான். மாடு தின்றால் உண்டு.

பழைய பந்தியைப் பொற்காலமாகக் காட்டுவது என் நோக்கம் அன்று. பந்தி என்ற சொல்லுக்குள்ளேயே, யாரோடு யார் உட்காரலாம் என்ற கொடுமையும் இருந்தது. எங்கள் மாவட்டத்துச் சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பிராமண மாணவர்க்குத் தனிப்பந்தி வைத்த விவகாரம், 1924-25ஆம் ஆண்டுகளில் தமிழ்நாட்டுக் காங்கிரஸையே இரண்டுபடுத்தியது. ஆகஸ்டு 15 அன்று கோயில்களில் சமபந்தி விருந்து நடத்த வேண்டிய தேவை ஏன் வந்தது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. வீட்டுப் பெண்கள் கடைசிப் பந்தியில், அடிப்பிடித்த சோற்றையும் வண்டலாகிப்போன சாம்பாரையும் உண்டு எழுந்த காட்சிக்கு நானே சாட்சி. இவை ஒழிந்ததும் ஒழிய வேண்டியதும் நல்லதற்கே. அதே மண்ணில்தான் வள்ளலார் 1867இல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கி, பசித்து வந்தவர் எந்தச் சாதி என்று கேட்காமல் சோறிடும் வழக்கத்தை நிலைநாட்டினார் என்பதால், விடவேண்டியதையும் வைத்துக்கொள்ள வேண்டியதையும் பிரித்தறிவது நமக்குப் புதிய வேலை அன்று.

கூட்டம் பெருகிவிட்ட காலத்தில் இதெல்லாம் நடக்குமா என்று கேட்பார்கள். அமிர்தசரஸ் பொற்கோயிலின் லங்கர் என்னும் பொது உணவுக்கூடத்தில் நாள்தோறும் பல்லாயிரக்கணக்கானோர் தரையில் வரிசையாக அமர்ந்து உண்கிறார்கள். வெறுந்தட்டோடு வந்து உட்கார்ந்த பிறகே வாளியில் பருப்பு வருகிறது; ரொட்டியை இரு கைகளையும் ஏந்தி வாங்கிக்கொள்ள வேண்டும்; போதாதவர்க்கு மறுபடியும் வருகிறது. அங்கே வேகத்தைத் தருவது பரிமாறும் கைகளின் எண்ணிக்கை. நாம் ஆட்களைக் குறைத்து ஐட்டங்களைக் கூட்டிவிட்டு, நேரமில்லை என்கிறோம். பஃபே முறையைக்கூட நான் அவ்வளவாகக் குறை சொல்ல மாட்டேன். தட்டில் எது விழ வேண்டும் என்பதை அங்கே தின்பவரே தீர்மானிக்கிறார். முன்கூட்டிப் பரிமாறிய இலையிலோ அந்த உரிமையும் இல்லை, பந்தியின் உபசரிப்பும் இல்லை.

இடையே இன்னொன்று. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த தடையில், சாப்பாட்டு மேசைமேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாளும் தண்ணீர்ப் பாக்கெட்டும் அடங்கும். அந்த இடத்தைக் குட்டித் தண்ணீர்ப் பாட்டில் பிடித்துக்கொண்டுவிட்டது. இரண்டு மடக்குக் குடித்து மீதியோடு விட்டுப்போன பாட்டில்களை இலையோடு சேர்த்து வாரிப்போவதைப் பார்க்கும்போது, அண்ணாந்து குடிப்பதற்கு ஒரு டம்ளரும் ஊற்றுவதற்கு ஓர் ஆளும் இருந்தால் தீர்ந்துவிடும் காரியமாயிற்றே என்றுதான் தோன்றுகிறது.

கல்யாணம் வைத்திருப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: ஒப்பந்தம் பேசும்போது, உப்பும் ஊறுகாயும் தவிர எதையும் ஆள் அமருமுன் இலையில் வைக்கக் கூடாது என்று கேட்டரிங்காரரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், பந்திக்கு இரண்டு பேரை வீட்டிலிருந்து விசாரிப்புக்கு நிறுத்துங்கள். வரும் தையில் என் தம்பி மகள் கல்யாணத்துக்கு இப்படித்தான் பேசியிருக்கிறோம். கேட்டரிங்காரர் முதலில் தயங்கினார். பிறகு, பரிமாறக் கூடுதலாக ஆறு ஆள் வேண்டும், கூலி தனி என்றார். மூன்று இனிப்பில் இரண்டை நீக்கிவிட்டு அதைச் சரிக்கட்டியிருக்கிறோம். விசாரிப்புக்கு என்னையே நிற்கச் சொல்லியிருக்கிறான் தம்பி.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருநெல்வேலி.