பிரெக்ஸிட் மட்டுமா காரணம்?

ஆசிரியருக்கு,

பிரிட்டனில் கடைத்தெருக்கள் வெறிச்சோடியதற்கு, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நாடு விலகிய பிரெக்ஸிட்தான் காரணம் என்ற உங்கள் தலையங்கம் பாதி உண்மை. ஊருக்கு ஊர் இருந்த உல்வொர்த்ஸ் கடைச் சங்கிலி 2009 ஜனவரியிலேயே, பிரெக்ஸிட் பொதுவாக்கெடுப்புக்கு ஏழு ஆண்டுகள் முன்பே, மூடப்பட்டுவிட்டது. ஆன்லைன் வியாபாரம் ஒருபுறம். கட்டடத்தின் வாடகை மதிப்பை வைத்துப் போடும் 'பிசினஸ் ரேட்ஸ்' வரி மறுபுறம். விற்பனை படுத்துவிட்டது என்பதற்காக அது குறையாது.

அதற்காக அரசியல்வாதிகளை விட்டுவிட முடியாது. ஒன்றியத்தை விட்டு விலகும் நாள் 2019 மார்ச் 29 என்றார்கள். பிறகு ஏப்ரல் 12, அக்டோபர் 31, கடைசியில் 2020 ஜனவரி 31. கிறிஸ்துமஸ் சரக்குக்குக் கோடையிலேயே ஆர்டர் கொடுக்க வேண்டிய கடைக்காரர், விலகிய பின் சுங்கவரி உண்டா இல்லையா என்றே தெரியாமல் எதை நம்பி வாங்குவார்? பவுண்டு மதிப்பு வேறு சரிந்து கிடந்தது. வாய்தா வாங்கியவர்களுக்கு நஷ்டம் இல்லை, கடைக்காரருக்குத்தான்.

இப்படிக்கு,
லண்டன் வாசகர்