என் வாசலில் நின்றதற்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடந்த செவ்வாய்க்கிழமை உங்கள் நாளிதழில், 'தனியாக நடந்து சென்ற பெண்ணிடம் 5 பவுன் பறிப்பு' என்று ஒரு செய்தி வந்திருந்தது. அந்தத் 'தனியாக' என்ற சொல்லைப் படித்ததும் என் கை கழுத்துக்குப் போய்விட்டது.

நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. வயது 63. சென்ற மார்கழியில் ஒருநாள் காலை ஐந்தரை மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். பைக்கில் வந்த இரண்டு பேர் வழி கேட்டார்கள். நிமிர்ந்தேன், அவ்வளவுதான். தாலிச் செயினைப் பிடித்து இழுத்ததில் கோலப்பொடிக் கிண்ணத்தோடு ரோட்டில் விழுந்தேன்.

கழுத்தில் இருந்த சிராய்ப்பு பத்து நாளில் ஆறிவிட்டது. கேள்விகள்தான் பொங்கல் தாண்டியும் வந்துகொண்டிருந்தன. விடியும் முன்னே ஏன் வாசலுக்கு வந்தீர்கள்? கவரிங் போட்டுக்கொண்டால் என்ன? முன்பின் தெரியாதவனிடம் எதற்குப் பேச்சு? காவல் நிலையத்தில் கேட்ட முதல் கேள்வியே, "வீட்டில் வேறு யாரும் இல்லையா?" என்பதுதான். உறவில் மூத்தவர் ஒருவர் என் கணவரைத் தனியே கூப்பிட்டு ஜாதகம் பார்க்கச் சொன்னார். மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டை அன்று காலையே கட்டிக்கொண்டேன். ஆனாலும் தை மாதத்தில் பக்கத்துத் தெருவில் நடந்த வளைகாப்புக்கு என்னைக் கூப்பிடவில்லை. பறிகொடுத்தவள் நான், சகுனம் கெட்டதும் என்னாலேயாம்.

என் அண்ணன் மகள் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் படிக்கிறாள். நில்ஸ் கிறிஸ்டி என்ற நார்வே நாட்டுச் சமூகவியலாளரைப் பற்றி அவள்தான் சொன்னாள். 'பாதிக்கப்பட்டவர்' என்ற இடத்தைச் சமூகம் எல்லோருக்கும் தந்துவிடுவதில்லை என்று 1986-இல் எழுதியவர் அவர். பாதிக்கப்பட்டவர் பலவீனமானவராக இருக்க வேண்டும், நல்ல காரியமாகப் போயிருக்க வேண்டும், போகக் கூடாத இடத்துக்குப் போயிருக்கக் கூடாது. தாக்கியவன் பலசாலியாக, முன்பின் தெரியாதவனாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஊர் முழு மனதோடு இரங்கும். உடம்பு சரியில்லாத சகோதரியைக் கவனித்துவிட்டுப் பட்டப்பகலில் வீடு திரும்பும்போது பையைப் பறிகொடுக்கும் கிழவியைத்தான் அவர் உதாரணமாகச் சொல்கிறார்.

அந்தக் கணக்குப்படி எனக்கு நூற்றுக்கு நூறு கிடைக்க வேண்டும். வயதானவள், சொந்த வாசல், மார்கழிக் கோலம், ஹெல்மெட் போட்ட இரண்டு தடியர்கள். எனக்கே இத்தனை கேள்வி என்றால், ஷிப்டு முடிந்து ராத்திரி பதினொரு மணிக்கு பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்ணை என்னவெல்லாம் கேட்பார்கள்? கடன் கொடுத்தவனிடமே அடிவாங்கியவர், குடித்துவிட்டுப் படுத்திருந்தபோது செல்போனைப் பறிகொடுத்தவர், இவர்களெல்லாம் புகார் கொடுக்கப் படியேறுவார்களா?

கேட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. நான் ஏதோ தப்பு செய்ததால்தான் நடந்தது என்றால், அந்தத் தப்பைச் செய்யாத தங்களுக்கு நடக்காது என்று அவர்களுக்கு ஒரு தைரியம். பல வருடங்களுக்கு முன் ஒரு மாணவியின் தாயிடம், "அந்த வழியாக ஏன் பிள்ளையை அனுப்பினீர்கள்?" என்று நானும் கேட்டிருக்கிறேன். அந்த அம்மாவின் முகம் இப்போது அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

2024 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படி, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் புகார் கொடுத்தவருக்கோ பாதிக்கப்பட்டவருக்கோ 90 நாட்களுக்குள் போலீசார் தெரிவிக்க வேண்டும். எனக்கு அப்படி எந்தத் தகவலும் வரவில்லை. நான்காவது மாதம் நானே போய்க் கேட்டேன். செயின் இன்னும் கிடைக்கவில்லை.

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். இனி இப்படிச் செய்தி போடும்போது, பறித்தவன் என்ன செய்தான் என்பது தலைப்பில் வரட்டும். அவள் யாரோடு போனாள், எந்த நேரத்தில் போனாள் என்பது அங்கே வேண்டாம். அப்புறம், செவ்வாய்க்கிழமைச் செய்தியில் வந்த அந்தப் பெண்ணின் வீட்டுக்கு 90 நாள் கழித்து உங்கள் நிருபரை அனுப்புங்கள். காவல் நிலையத்திலிருந்து யாராவது தகவல் சொன்னார்களா என்று கேட்டு, அதையும் செய்தியாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
பாளையங்கோட்டை