ஆச்சி பேரைப் பிள்ளைக்கு விட்ட மகளுக்கு

பாளையங்கோட்டை
மார்கழி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது.

அம்மாவும் நானும் நல்ல சுகம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமாக இருக்க நெல்லையப்பரையும் அம்பாளையும் வேண்டிக்கொள்கிறேன். தினமும்தான் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். பிள்ளைக்கு என் அம்மா பேரை, உன் ஆச்சி பேரை, காந்திமதி என்றே விட்டிருப்பதாக நீ சொன்னபோது, "சரிம்மா, நல்ல பேரு" என்பதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. சொல்ல நிறைய இருந்தது. அதையெல்லாம் உட்கார்ந்து எழுதினால்தான் எனக்கு ஆறும்.

மறுநாள் காலையிலேயே டவுனுக்குப் போய் அம்பாள் சந்நிதியில் பிள்ளை பேருக்கு அர்ச்சனை செய்துவிட்டு, வரும்போது அல்வா வாங்கி வந்தேன். பால்காரர், மருந்துக்கடைத் தம்பி, என்னோடு வேலை பார்த்த வாத்தியார்கள், ஒருவரையும் விடவில்லை. "பேத்தி பேரு என்ன சார்?" என்று யாராவது கேட்க மாட்டார்களா என்று இருக்கிறது. கேட்டால் பேரையும் சொல்லி, போட்டோவையும் காட்டாமல் விடுவதில்லை. "இந்தக் காலத்துல இப்படிப் பேர் விடுதாங்களா! அதுவும் ஜெர்மனியிலயா!" என்று ஆச்சரியப்படுகிறார்கள். என் மகள் விட்டிருக்கிறாள் என்று சொல்லும்போது நெஞ்சு நிறைந்து போகிறது, அம்மாளு.

எனக்குப் பிச்சையா என்று பேர் வந்த கதையை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. எனக்கு முன்னால் ஆச்சிக்குப் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லை. நான் பிறந்ததும் என்னைச் சுளகில் போட்டுப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் கொடுத்துவிட்டு, ஒரு கை தவிட்டுக்குத் திரும்ப வாங்கினாள். சாமியிடம் பிச்சை கேட்டு வாங்கின பிள்ளை என்றால் எமன் ஏறெடுத்துப் பார்க்க மாட்டான் என்று நம்பிக்கை. மூக்கும் குத்தினாள். வலது மூக்கில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. சின்னதில் நீ என் மடியில் உட்கார்ந்து அதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாய். மூக்கன், குப்பை, பிச்சை என்றெல்லாம் அந்தக் காலத்துத் தாய்மார் விட்ட பேர் அத்தனையும் பயத்தில் விட்டவை. உன் பிள்ளை நல்ல எடையோடு பிறந்து, நேரத்துக்கு ஊசி போட்டு, பார்க்கிற டாக்டர் எல்லாம் சிரித்த முகமாகச் சொல்லி அனுப்புகிறார்கள். பிள்ளையை இழந்து இழந்து பயந்து கிடந்த அந்தக் காந்திமதியின் பேரை, ஒரு பயமும் இல்லாத வீட்டில் நீ சந்தோஷமாக விட்டிருக்கிறாய். இதை நினைத்தால் எனக்குத் தாங்கவில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகள் பேரைக் கூப்பிட்டே பிழைத்தவன் நான். நம் பக்கத்தில் பேரைக் கேட்டால் பாதிக்கு ஊரைச் சொல்லிவிடலாம். கள்ளபிரான் என்றால் ஸ்ரீவைகுண்டம், வானமாமலை என்றால் நாங்குநேரி, குழைக்காதன் தென்திருப்பேரை, சங்கரலிங்கமும் கோமதியும் சங்கரன்கோவில், உலகம்மாள் பாபநாசம். நாறும்பூநாதன் என்று ஒரு பையன் புதிதாக வந்து நின்றான். "திருப்புடைமருதூரா லே?" என்று கேட்டதும் அவன் கண் விரிந்ததைப் பார்க்க வேண்டுமே! நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஒரு வகுப்புக்கு இரண்டு இசக்கியம்மாளாவது இருப்பார்கள், இனிஷியல் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். பேச்சியம்மாளும் சுடலைமுத்துவும் இல்லாத வகுப்பே கிடையாது. ஓய்வு பெறும்போது அந்தப் பேர்களைத் தேட வேண்டியிருந்தது. புதுப் பேர்களையும் பெற்றவர்கள் ஆசையாகத்தான் வைக்கிறார்கள், அதில் எனக்குக் குறையில்லை. எனக்கு ஆகாத பேர் ஒன்றே ஒன்றுதான், போதும்பொண்ணு. இனிமேல் பெண் பிள்ளை வேண்டாம் என்று அந்தப் பிள்ளை தலையிலேயே எழுதி அனுப்புகிற பேர். ஒரு பிள்ளை அந்தப் பேருக்குத் தலையைக் குனிந்துகொண்டே "உள்ளேன் ஐயா" சொல்லும். கொஞ்ச நாளில் பின்பாதியை மட்டும் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தேன். அதற்குப் பிறகுதான் அது என் முகத்தைப் பார்த்தது. பெண் குழந்தை என்று சொல்லும்போது உன் குரலிலும் மாப்பிள்ளை குரலிலும் இருந்த சந்தோஷத்தைக் கேட்டதும் எனக்கு அந்தப் பிள்ளை ஞாபகம்தான் வந்தது.

சம்பந்தி வீட்டாருக்கு நான் தனியாகக் கடிதம் போட்டிருக்கிறேன். தலைப்பிள்ளைக்கு அவர்கள் பக்கத்துப் பேர்தான் விட வேண்டும், அதுதான் முறை. "வளர்த்தவங்க பேரு, விடட்டும்" என்று சம்பந்தி அம்மா சொன்னார்களாமே! அது லேசான மனசு இல்லை. அம்மாவும் நானும் வேலைக்குப் போன வருஷங்களில் உனக்குத் தலை வாரி, சோறு ஊட்டி, பள்ளிக்கூட வாசலில் வெயிலில் காத்து நின்றது ஆச்சி. அந்த நன்றிக்கு நீ விட்ட பேர் இது. நன்றிக்குப் பேர் விடுவது நம் மண்ணில் உள்ள வழக்கம்தான். வ.உ.சி. சிறைக்குப் போனதால் பறிபோன வக்கீல் உரிமம் திரும்பக் கிடைக்க வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி உதவினார். அவர் நினைவாகத் தன் பிள்ளைக்கு வாலேஸ்வரன் என்று பேர் வைத்தார் வ.உ.சி. வெள்ளைக்காரனை எதிர்த்துக் கப்பல் விட்டு, ஜெயிலில் செக்கிழுத்த மனிதர். அந்த மனசு எவ்வளவு பெரிசு பார்.

உன் அம்மாவுக்குத்தான் சங்கடம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமியார் பேரை அவள் வாயால் சொன்னதில்லை. ரேஷன் கார்டுக்குப் பேர் கேட்டபோதுகூட என் முகத்தைத்தான் பார்த்தாள். நெல்லையப்பர் கோவில் அம்பாள் பேரும் காந்திமதிதானே, அங்கேயும் "அம்பாள்" என்பாளே தவிர வேறு சொல்ல மாட்டாள். இப்போது பேத்தியை "ஆச்சிம்மா, ஆச்சிம்மா" என்று கொஞ்சுகிறாள். அப்படியே கொஞ்சட்டும், பேரைச் சொல்லச் சொல்லி வற்புறுத்தாதே. ஆடிப்பூரத்தில் அம்பாளுக்கு வளைகாப்பு ஆனதும் உனக்கு வளையல் அனுப்பினாளே, அன்றே அவள் மனசில் இந்தப் பேர் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. முளைக்கட்டு அன்று நானும் கூடப் போயிருந்தேன். முளைவிட்ட பயறை அம்பாள் வயிற்றில் கட்டி அலங்கரித்திருந்ததைப் பார்த்தபோது, நீ அங்கே தனியாக எப்படிச் சமாளிக்கிறாயோ என்றுதான் நினைத்தேன். நீ வாழைப்பழம் கொடுத்து விளையாடிய கோவில் யானை காந்திமதியும் 2025 ஜனவரியில் போய்விட்டது. அதே வருஷம் அந்தப் பேரோடு நம் வீட்டுக்கு ஒருத்தி வந்திருக்கிறாள்.

பேர் பழசு, கிழவி பேர் என்று சொந்தத்தில் சிலர் சொல்வார்கள். உன் பெரியத்தை என்னிடமே சொன்னாள். பிள்ளை மிருகசீரிடம், வே, வோ, கா, கி எழுத்து வர வேண்டும், "கா"வில்தான் தொடங்குகிறது என்று சொன்னேன், சமாதானமாகிவிட்டாள். எண் கணிதம் பார்த்து எழுத்தைக் கூட்டு, குறை என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்காதே. ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று இருவரும் ஒரு முறை முடிவு செய்து, எல்லாத் தாளிலும் அதையே எழுதுங்கள். மார்க் ஷீட்டில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்று இருந்து, பிறகு அரசிதழில் விளம்பரம் கொடுத்து அலைந்த பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இங்கே பிறந்திருந்தால் 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்துவிட்டு, பேரை 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். உனக்கு அந்த ஊர்ப் பதிவோடு, நம் தூதரகத்திலும் ஒரு வருஷத்துக்குள் பதிய வேண்டும். தள்ளிப் போடாதே.

அம்மா பார்சல் அனுப்பியிருக்கிறாள். ஆச்சி கட்டிய பழைய நூல் சேலை இரண்டு, துவைத்துத் துவைத்துப் பஞ்சு மாதிரி ஆனது, பிள்ளைக்கு விரிக்க. வசம்பு வளையலும் வைத்திருக்கிறாள். கையில் போட்டால் போதும், வாயில் வைக்காமல் பார்த்துக்கொள். உரை மருந்து வேண்டாம் என்று நான்தான் எடுத்து வைத்துவிட்டேன். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று டாக்டர் சொன்னால் அதுதான் சரி.

சாஸ்தா கோவிலுக்குப் பங்குனி உத்திரத்தில் வர முடியுமா என்று மாப்பிள்ளையிடம் கேட்டு எழுது. பச்சைப் பிள்ளையோடு பயணம் கஷ்டம் என்றால் அதற்கடுத்த பங்குனிக்கு வாருங்கள், அவசரமில்லை. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் முதல் மொட்டை. தம்பி இப்போதே லீவு சொல்லி வைக்கிறேன் என்று குதிக்கிறான். காது குத்துக்குக் கம்மல் நான் பார்த்து வைத்துவிட்டேன், அதைப் பற்றி நீ வாய் திறக்கக் கூடாது.

மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். பார்சல் வந்ததும் எழுது.

அன்புள்ள
அப்பா