வலி ஊசிக்கு முன் ஒரு கேள்வி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இதய வால்வு மாற்றிக்கொண்ட என் அண்ணன், இரத்தம் உறையாமலிருக்க 9 ஆண்டுகளாக அசிட்ரோம் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். கடந்த மாசி மாதத்தில் ஒருநாள் அதிகாலை 3 மணிக்கு, இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே கத்தியால் குத்தியதுபோல் வலி எடுத்து எழுந்து உட்கார்ந்தார். கீழே விழவுமில்லை, பாரம் தூக்கவுமில்லை. வாயுப் பிடிப்பு என்று மதினி ஒத்தடம் கொடுத்தார். விடிந்ததும் சுளுக்கு எடுப்பவர் வந்து எண்ணெய் தடவி நீவினார். 8 மணிக்கு ஒரு கிளினிக்கில் வலி ஊசி போட்டு அனுப்பினார்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. வீட்டுக்குக் கிளம்பும்போது செருப்பை மாட்டிவிட்டதாக நினைத்து நடந்தவர், குனிந்து பார்த்த பிறகுதான் ஒரு செருப்பு வாசலிலேயே கிடப்பதை அறிந்தார். மதியத்துக்குள் இரு கால்களும் மரத்துப்போயின, சிறுநீரும் பிரியவில்லை.

உசிலம்பட்டியிலிருந்து மதுரைக்குக் கொண்டுசென்று எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, தண்டுவடத்தை மூடியிருக்கும் உறைக்கு வெளியே இரத்தம் கசிந்து கட்டியாகித் தண்டுவடத்தை நெருக்கிக்கொண்டிருந்தது. அடிபடாமலே இப்படிக் கசிவது ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்குத்தான் நேரும் என்றாலும், இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் இரத்தம் உறைவதில் குறைபாடு உள்ளவர்களுக்கும் அந்த வாய்ப்பு கூடுதல். காரணமே தெரியாமல் வருவதும் உண்டு. சாதாரண எக்ஸ்ரேயில் இது தெரியாது. கழுத்துப் பகுதியில் கசிந்தால் சிலருக்கு ஒரு பக்கக் கையும் காலும் மட்டும் செயலிழந்து, பார்ப்பதற்குப் பக்கவாதம் போலவே இருக்கும். அப்போது இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டால் கசிவு பெருகும் என்பதால், கழுத்தில் திடீர் வலி இருந்ததா, முகம் கோணாமல் இருக்கிறதா என்று பார்ப்பது மிக முக்கியம்.

வைட்டமின் கே, பிளாஸ்மா போன்றவற்றைச் செலுத்தி மாத்திரையின் வேகத்தை முறித்துவிட்டு, முதுகெலும்பின் பின்பக்க எலும்பை எடுத்து, உள்ளே உறைந்த இரத்தத்தை அகற்றுவதே சிகிச்சை. பலவீனம் தானாகவே விரைந்து குறைந்து வருபவர்களை மட்டும் அறுவையின்றிக் கண்காணிப்பதுண்டு. மற்றவர்களுக்கு நேரம்தான் எல்லாம்: 12 மணி நேரத்துக்குள் அறுவை நடந்தால் கால்கள் மீளும் வாய்ப்பு அதிகம். என் அண்ணனுக்கு நடந்தபோது 19 மணி நேரம் ஆகியிருந்தது. இன்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வருகிறார்; சிறுநீருக்கு இன்னும் குழாய்தான்.

இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. செயற்கை வால்வில் இரத்தம் உறைந்தால் உயிருக்கே ஆபத்து. இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். இரத்தப் பரிசோதனையைத் தவறவிடாமல் செய்துகொள்ள வேண்டும். கிராமப்புறக் கிளினிக்குகளையும் மருந்துக் கடைகளையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: முதுகுவலி என்று வருபவருக்கு வலி மருந்து கொடுக்கும் முன், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா, கால் மரக்கிறதா, சிறுநீர் பிரிகிறதா என்று கேளுங்கள். இருதய சிகிச்சைப் பிரிவுகளும், திடீர் முதுகுவலியோடு கால் தளர்ந்தால் உடனே 108-ஐ அழைத்து எம்.ஆர்.ஐ. வசதியும் நரம்பியல் அறுவை மருத்துவரும் உள்ள மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதை, நோயாளிக்குத் தரும் மாத்திரைக் குறிப்பு அட்டையின் முகப்பிலேயே பெரிய எழுத்தில் தமிழில் அச்சிட்டுத் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
உசிலம்பட்டி, மதுரை மாவட்டம்.