பெயர் சொல்லாமல் சென்ற பொறியாளருக்கு நன்றி

முன்னே செல்லும் வண்டிக்கேற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதிக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தும், எங்கள் புதிய மின்சாரக் காரின் திரையில் அது தென்படவே இல்லை. 'அடுத்த அப்டேட்டில் வந்துவிடும்' என்ற பதிலையே மூன்று வாரங்களாகக் கேட்டுச் சோர்ந்திருந்த எனக்கு, சென்ற சனிக்கிழமை சர்வீஸ் மையத்தில் நீங்கள் கிடைத்தீர்கள்.

ரேடாரும் கேமராவும் வண்டியில் இருப்பதை முதலில் உறுதிசெய்துகொண்ட நீங்கள், முன்கண்ணாடியின் ஓரத்தில் தெரியும் 17 இலக்க வாகன அடையாள எண்ணை ரசீதோடு விரல் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, 8 இருக்க வேண்டிய இடத்தில் 'பி' என்று பதிவாகியிருந்ததைக் கண்டுபிடித்தீர்கள். ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பக்கூடாது என்பதற்காக ஐ, ஓ, கியூ ஆகிய எழுத்துகளை இந்த எண்ணில் சேர்ப்பதே இல்லை. 8-க்கும் 'பி'-க்கும் அந்தக் காப்பு இல்லை என்று நீங்கள் சொல்லித்தான் அறிந்தேன். நாங்கள் வாங்கிய வசதி, இல்லாத ஒரு வண்டியின் பெயரில் காத்திருந்திருக்கிறது!

தலைமை அலுவலகத்துக்குப் பேசித் திருத்தம் வாங்கி, சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்தில் காரை நிறுத்தி, திரையில் அந்தக் குறி பச்சையாக ஒளிரும்வரை, சாப்பாட்டுப் பையைக்கூடப் பிரிக்காமல் உடன் இருந்தீர்கள். பெயர் கேட்டபோதும் சிரித்துக்கொண்டே அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விட்ட உங்களுக்கு, எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி.