22 ஆண்டுகளாக எடை பார்த்தவள் எழுதும் நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். விருதுநகர் மாவட்டம் சாத்தூரை அடுத்த ஒரு சிற்றூரில் 22 ஆண்டுகளாக அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். மாதந்தோறும் குழந்தைகளை எடை போட்டு வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பதும், புள்ளி கீழே இறங்கினால் அன்று மாலையே அந்த வீட்டுப் படியேறித் தாயிடம் பேசுவதும் என் வேலை. அப்படிப்பட்ட என் வீட்டிலேயே ஒரு புள்ளி ஓராண்டுக்கும் மேலாக இறங்கிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. கல்லூரியில் படிக்கும் என் மகள், தன்னைத்தானே பட்டினி போட்டு மெலியும் நோயில் விழுந்திருந்தாள். பார்த்தவர்கள் வேறு சிலர். இந்த மடல் அவர்களுக்கு.

மகளின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். எழுதியதை அவள் படித்துப் பார்த்து இரண்டு இடங்களில் அடித்துத் திருத்தினாள். நான் குறிப்பிட்டிருந்த கிலோக் கணக்கை முதலில் அடித்தாள். "எண்ணைப் போடாதே அம்மா, என்னை மாதிரி ஒருத்தி படித்தால் அதற்கும் கீழே போகப் பார்ப்பாள்" என்றாள். அடுத்து, ஓரிடத்தில் நான் 'பைத்தியக்காரத்தனம்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, அதன் மேலே 'நோய்' என்று எழுதினாள்.

முதல் நன்றி, கோவை விடுதியில் அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த பிள்ளைக்கு. யாரிடமும் சொல்வதில்லை என்று தோழிக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்த நீ, அதை மீறலாமா என்று இரண்டு வாரம் தவித்து, கடைசியில் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில் பேசி, அவர்கள் தந்த தைரியத்தில் ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு என்னை அழைத்தாய். வெள்ளிக்கிழமை விரதம் செவ்வாய்க்கும் சஷ்டிக்கும் பரவி, இப்போது வாரம் முழுவதும் விரதமாகிவிட்டது என்றாய். விடிய விடியச் சமையல் வீடியோ பார்க்கிறாள், எங்களுக்கெல்லாம் விதவிதமாகச் செய்து தருகிறாள், தான் மட்டும் வாசனை பிடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள் என்றாய். நானோ, என் மகளைப் பற்றிப் புறம் பேசுகிறாயா என்று உன்னைக் கடிந்துகொண்டு இணைப்பைத் துண்டித்தேன். மறுநாள் காலையில் நீ மீண்டும் அழைத்தாயே, அந்த இரண்டாவது அழைப்புக்காக உன்னிடம் மன்னிப்பும் கேட்கிறேன், நன்றியும் சொல்கிறேன். திரும்பி வரும் தட்டுகளை வைத்தே யார் சாப்பிடவில்லை என்று கண்டுபிடித்து, முதன்முதலில் உன்னிடம் விசாரித்த விடுதிச் சமையல் அக்காவுக்கும் என் வணக்கத்தைச் சொல்.

நான் ஏன் பார்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவள் தொடக்கத்தில் சற்றுப் பூசினாற்போல இருந்தவள். எனவே மெலிந்தபோது நோயாளியாகத் தெரியவில்லை, அழகானவளாகத் தெரிந்தாள். நாத்தனார் மகளின் வளைகாப்பில் வந்தவர்களெல்லாம் அவளைச் சுற்றி நின்று, என்ன சாப்பிடுகிறாய், எப்படிக் குறைத்தாய் என்று கேட்டார்கள். இரண்டு பெண்கள் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. சாத்தூர் சித்திரை வெயிலில் அவள் போர்வை கேட்டபோதும், சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தபோதும், இரத்தச்சோகையாக இருக்கும் என்று இரும்புச்சத்து மாத்திரையும் முருங்கைக்கீரைச் சூப்பும் கொடுத்தேன். மாதவிலக்கு நின்று ஐந்து மாதமாகிறது என்பது எனக்குத் தெரியாது. ஒரு தனியார் மருத்துவரிடம் காட்டியபோது, ஆள் அப்படியொன்றும் ஒல்லியாக இல்லையே, தேர்வுப் பயமாக இருக்கும் என்று சத்து மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார். பருமனாக இருந்தவர் வேகமாக எடை இழந்தால், பார்வைக்குச் சாதாரணமாக இருக்கும்போதே இதயமும் எலும்பும் பட்டினியின் முழுச் சேதத்தையும் அடைந்திருக்கக்கூடும் என்பதைப் பின்னால்தான் அறிந்தோம்.

பட்டினி போதாதென்று, எடை குறைக்கும் தேநீர் என்று யாரோ விற்ற பொட்டலமும் அவள் பெட்டியில் இருந்தது. அதில் இருந்தது நிலாவாரை. எங்கள் பக்கத்துக் கரிசல் காட்டில் விளைந்து, தூத்துக்குடி வழியாகக் கப்பலேறி, திருநெல்வேலி என்ற பெயரோடு உலகச் சந்தைக்குப் போகும் அதே இலை. மலச்சிக்கலுக்கு ஓரிரு நாள் எடுத்துக்கொள்ளும் மருந்தை அவள் மாதக்கணக்கில் குடித்திருக்கிறாள். அது வேலை செய்யும் இடம் பெருங்குடல். உணவின் சத்தோ அதற்கு முன்பே சிறுகுடலில் பெரும்பாலும் உறிஞ்சப்பட்டுவிடுகிறது. எனவே மறுநாள் எடைக் கருவியில் குறைவது கொழுப்பு அன்று, தண்ணீர். தண்ணீரோடு போவது பொட்டாசியம் உப்பு. இதயத் துடிப்பு சீராக இருப்பதற்குத் தேவையான உப்பு அது. இந்த விளக்கத்தைத் தந்த அரசு மருத்துவமனைச் செவிலியர் சகோதரிக்கு நன்றி. அந்தப் பொட்டலத்தைப் பார்த்தும் அவர் என் மகளை ஒரு வார்த்தை ஏசவில்லை.

அரசு மருத்துவமனைக்கு நாங்கள் போனது, பேருந்து நிலையத்தில் அவள் மயங்கி விழுந்த அன்று. அவசரப் பிரிவில் பணியில் இருந்த இளம் மருத்துவர் அம்மா நாடியைப் பிடித்தார், ஈசிஜி எடுக்கச் சொன்னார், நெடும் பட்டினியில் முளைக்கும் பூனை முடி அவள் கையில் புதிதாக வந்திருந்ததைப் பார்த்தார். பிறகு என்னையும் என் கணவரையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவளிடம் தனியாக ஏதோ கேட்டார். என்ன கேட்டார் என்று பல மாதங்கள் கழித்து மகள் சொன்னாள்: "சாப்பிடப் பயமா இருக்காம்மா?" ஓராண்டில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டிருக்கிறோம், என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருக்கிறோம். பயமா என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்த மருத்துவருக்கு நன்றி சொல்ல எனக்குப் போதிய சொல் இல்லை.

அடுத்து, உணவியல் வல்லுநருக்கு. மருத்துவமனையில் சேர்த்த மறுநாளே வீட்டிலிருந்து ஆட்டுக்கால் சூப்பும் சோறும் முட்டையும் தூக்குச்சட்டியில் கொண்டுபோனேன். நீங்கள் வாசலிலேயே மறித்தீர்கள். பட்டினி கிடந்த பிள்ளைக்குச் சோறு தராதே என்கிறாரே என்று வராந்தாவில் நின்று சத்தம் போட்டேன். நெடுநாள் பட்டினியில் உடம்பு தன் உப்புகளைச் செலவழித்துவிட்டிருக்கும். திடீரென்று நிறைய உணவு வந்தால் இன்சுலின் பெருகும். இரத்தத்தில் மிஞ்சியிருக்கிற பாஸ்பேட்டும் பொட்டாசியமும் மெக்னீசியமும் உயிரணுக்களுக்குள் இழுக்கப்பட்டுவிடும். இதயமும் மூச்சும் தடுமாறும். இதை நீங்கள் பொறுமையாகச் சொன்னீர்கள். இரண்டாம் உலகப் போரின் முடிவில், முகாம்களில் பட்டினி கிடந்து விடுதலையானவர்களில் சிலர், வயிறார உண்ட பிறகு இறந்துபோனதையும் சொன்னீர்கள். வெட்கம் என்னவென்றால், இது எனக்குத் தெரிந்த பாடம். கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தையை ஊட்டச்சத்து மறுவாழ்வு மையத்தில் சேர்த்தால், 100 மில்லியில் 75 கலோரி மட்டுமே உள்ள எஃப்-75 பாலைத்தான் முதலில் சிறிது சிறிதாகப் புகட்டுவார்கள், பிறகுதான் அதைவிடச் சத்து கூடிய எஃப்-100 பால் என்று பயிற்சியில் படித்திருக்கிறேன். ஊரார் பிள்ளைக்குப் படித்த பாடம் என் பிள்ளையின் கட்டிலருகே நினைவுக்கு வரவில்லை. முதலில் தயமின் என்ற வைட்டமின் பி1 ஊசி, பிறகு அளந்த கஞ்சி, காலைதோறும் இரத்தப் பரிசோதனை என்று நாள்நாளாக நீங்கள் அளவை ஏற்றினீர்கள். இரண்டாவது வாரத்தில் அவளுக்கு முழு இட்லி தந்த காலையில் வார்டில் எல்லோரும் எட்டிப் பார்த்தோம், அவள் முகம் சுளித்ததும் கலைந்துபோனோம்.

மனநலப் பிரிவு உளவியலாளர் அவளுக்கு ஒரு கதை சொன்னார். 1944-45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில், ஆன்செல் கீஸ் என்ற அறிஞர் 36 இளைஞர்களை ஆறு மாதம் அரைப் பட்டினி போட்டு ஆராய்ந்தார். போரில் ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடம் தராததால், மாற்றாக இந்த ஆய்வுக்குத் தாமாக முன்வந்தவர்கள் அவர்கள். உடலிலும் மனத்திலும் திடமானவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அவர்களே சில மாதங்களில் சமையல் புத்தகங்களை வாங்கிக் குவித்தார்கள், தட்டை நக்கினார்கள், கோடையிலும் குளிரில் நடுங்கினார்கள், சிரிப்பையும் நட்பையும் இழந்து தனிமையில் ஒடுங்கினார்கள். "அப்போ அந்தச் சமையல் வீடியோ எல்லாம் என் குணம் இல்லையா, பட்டினியா?" என்று கேட்டுவிட்டு அன்று மகள் வெகுநேரம் அழுதாளாம். மீண்டும் உண்ணத் தொடங்கிய பிறகும் அவர்கள் பழைய நிலைக்கு வரப் பல மாதங்களானது என்ற செய்திதான், அவசரப்பட்டுக்கொண்டிருந்த என்னைப் பொறுக்க வைத்தது. எங்கோ பிறந்த அந்த 36 பேருக்கும் இந்த மடலில் ஓர் இடம் உண்டு.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கடினமான பகுதி தொடங்கியது. மூன்று வேளையும் யாராவது ஒருவர் அவளோடு உட்கார்ந்து உண்ண வேண்டும், உண்ணும்போது உணவைப் பற்றிப் பேசக் கூடாது என்பது ஏற்பாடு. தீப்பெட்டி ஆலையில் பகல் வேலை பார்த்த என் கணவர் இரவு முறைக்கு மாற்றிக்கொண்டு, தூக்கக் கலக்கத்தோடு மதியச் சோற்றுக்கு அவளெதிரே உட்கார்ந்து கிரிக்கெட் கதை பேசினார். அரைத் தோசைக்கு ஒரு மணி நேரமான நாட்கள் உண்டு. தட்டு சுவரில் பறந்த நாளும் உண்டு. அந்த மாதங்களில் மையத்தைத் தனியாளாகச் சமாளித்த உதவியாளர் தங்கைக்கும், புதுச் சுடிதார் தைக்கும்போது அளவுகளை வாய்விட்டுச் சொல்லாமல் தானே குறித்துக்கொண்ட தையற்கடை அக்காவுக்கும் கடன்பட்டிருக்கிறேன். எங்கள் வீட்டு எடைக் கருவியை மாடிப்பரணில் ஏற்றியவர் என் மாமியார். யாரும் சொல்லாமல் அவராகவே செய்தார்.

ஒன்பதாவது மாதம் மாதவிலக்கு திரும்பியது. முடி வளர்கிறது. எலும்பின் கதை வேறு: இருபதுகளில் சேர வேண்டிய சுண்ணாம்புச்சத்து சேராமல் போன காலத்தை முழுதாக ஈடுகட்ட முடியுமா என்று மருத்துவர்கள் உறுதி தரவில்லை. ஸ்கேன் அடுத்த ஆண்டு மறுபடியும் எடுக்க வேண்டும்.

உறவினர்களுக்கும் ஊராருக்கும் ஒரு வேண்டுகோள். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்குக் குடும்பத்தோடு வருகிறோம். அவளைப் பார்த்ததும் 'தேறிட்டியே' என்றோ, 'உடம்பு போட்டுட்டியே' என்றோ அன்பினால்கூடச் சொல்ல வேண்டாம். அவள் கல்லூரிக்குத் திரும்பிவிட்டாள், தாவரவியல் படிக்கிறாள்; நிலாவாரைச் செடியைப் பற்றித்தான் ஆய்வேடு எழுதப்போகிறாளாம். அதைக் கேளுங்கள், நெடுநேரம் பேசுவாள்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
ஓர் அங்கன்வாடிப் பணியாளர்